பத்துப் பேர் போதும்: ஃபேன்டசி மினியேச்சர் வார்கேமிங்கைத் தொடங்குவது எப்படி

ஒரு மந்திரவாதி. உயரம் 28 மில்லிமீட்டர். கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். ஆனாலும் அங்கியின் மடிப்பு, கைத்தடியின் நுனி, தாடியின் இழை எல்லாம் தெரியும். அவனை நீங்களே துண்டுகளாக வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் தீட்டுகிறீர்கள். பிறகு மேசையில் நிறுத்தி, எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பரின் மந்திரவாதியோடு பகடை உருட்டி மோதவிடுகிறீர்கள். ஃபேன்டசி மினியேச்சர் வார்கேமிங் என்பது இதுதான். பாதி கைவேலை, பாதி விளையாட்டு.

பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாட எச். ஜி. வெல்ஸ் 1913-லேயே விதிகள் எழுதி வெளியிட்டார். 1971-ல் அமெரிக்காவில் வந்த ‘செயின்மெயில்’ விதிகளின் பின்னிணைப்பில் டிராகன்களும் மந்திரவாதிகளும் போர்க்களத்துக்குள் வந்தார்கள். 1983-ல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் ‘வார்ஹாம்மர்’ விளையாட்டைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் இந்தத் தொழிலின் தலைநகரம் நாட்டிங்ஹாம்தான். கேம்ஸ் வொர்க்‌ஷாப், மேன்டிக், வார்லார்ட், நார்த் ஸ்டார் ஆகிய நிறுவனங்கள் எல்லாம் அந்த ஊரில் இருக்கின்றன. அந்த வட்டாரத்துக்கு ‘லெட் பெல்ட்’, அதாவது ஈய வட்டாரம், என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. அந்தக் காலத்தில் உருவங்களை ஈயக் கலவையில் வார்த்ததால் வந்த பெயர்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே விட்டுப் போகிறார்கள். அளவுக்கு மீறி வாங்குவதுதான் காரணம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்கள் கொண்ட ஒரு முழுப் படையை ஒரே நாளில் வாங்கினேன். ஆறு உருவங்களை ஒட்டினேன், இரண்டுக்கு வண்ணம் அடித்தேன். மிச்சமெல்லாம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே ஒன்றரை வருடம் பரண்மேல் கிடந்தன. பிறகு பத்தே பத்து உருவங்களோடு புதிதாக ஆரம்பித்தேன், மூன்றே வாரத்தில் முதல் ஆட்டம் ஆடிவிட்டேன். அதனால் இந்தக் கட்டுரை முழுக்கப் பத்துப் பேருக்கானது.

முதலில் எந்த விளையாட்டு என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஃபேன்டசி வார்கேம்களை, மேசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை வைத்துப் பிரித்துப் பார்த்தால் எளிது.

சதுரம் சதுரமாக அணிவகுத்து நிற்கும் பெரிய படைகள் வேண்டுமென்றால் மேன்டிக்கின் ‘கிங்ஸ் ஆஃப் வார்’, 2024-ல் வந்த ‘வார்ஹாம்மர்: தி ஓல்ட் வேர்ல்ட்’ போன்றவை இருக்கின்றன. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் ஐம்பது நூறு உருவங்கள் தேவைப்படும். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம். அடுத்தது ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’. 2015-ல் பழைய வார்ஹாம்மரின் இடத்துக்கு வந்தது. 2024-ல் வெளியான இதன் நான்காம் பதிப்பில் ‘ஸ்பியர்ஹெட்’ என்ற சிறிய ஆட்டமுறை இருக்கிறது. ஒரு பெட்டி வாங்கினால் ஒரு படை, மேசை 30க்கு 22 அங்குலம் போதும். உங்கள் ஊரில் ஏற்கெனவே வார்ஹாம்மர் ஆடும் நண்பர்கள் இருந்தால் யோசிக்காமல் இதைப் பிடியுங்கள். கூட ஆட ஆள் இருப்பதுதான் எதையும்விட முக்கியம்.

மூன்றாவது வகை, ஆளுக்குப் பத்துப் பேர் மோதும் சிறு சண்டைகள். ஸ்கிர்மிஷ் என்பார்கள். இதில் நான் எல்லோருக்கும் சொல்வது ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’. ஜோசஃப் மெக்கலோ எழுதி ஆஸ்ப்ரே வெளியிட்டது. முதல் பதிப்பு 2015, இரண்டாம் பதிப்பு 2020. ஆயிரம் ஆண்டு பனிக்குள் உறைந்து கிடந்த ஃபெல்ஸ்டாட் என்ற நகரம் இப்போது உருகத் தொடங்கியிருக்கிறது. அதன் இடிபாடுகளில் புதைந்திருக்கும் மந்திரப் புதையலைத் தேடி மந்திரவாதிகள் கூலிப்படையோடு வருகிறார்கள். கதை இவ்வளவுதான்.

இதைச் சொல்வதற்கு முக்கியமான காரணம், எந்த நிறுவனத்தின் உருவத்தையும் இதில் பயன்படுத்தலாம் என்பது. கையில் இருக்கும் எந்த 28 மில்லிமீட்டர் வாள்வீரனும் இங்கே வாள்வீரன்தான். குறிப்பிட்ட பெட்டிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

விதிப்புத்தகத்துக்கும் பணம் செலவழிக்க இப்போது மனமில்லை என்றால் ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ குழுவின் அடிப்படை விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவர்களுடைய ‘ஏஜ் ஆஃப் ஃபேன்டசி: ஸ்கிர்மிஷ்’ ஆட்டத்துக்குச் சாதாரண ஆறுபக்கப் பகடையே போதும்.

படையைக் காகிதத்தில் எழுதுங்கள், பிறகு வாங்குங்கள்

ஃப்ராஸ்ட்கிரேவ் இரண்டாம் பதிப்பில் ஒரு மந்திரவாதியோடும் 400 பொற்காசுகளோடும் தொடங்குகிறீர்கள். சீடனை வைத்துக்கொள்ள 100 காசு. அவர்கள் போக அதிகபட்சம் எட்டுச் சிப்பாய்கள். அடியாள், திருடன் இருவருக்கும் கூலி கிடையாது. காலாட்படை வீரனுக்கு 50, வில்லாளிக்கு 75. முதல்முறைக்கு நான் சொல்லும் கணக்கு இது: சீடன், மூன்று காலாட்கள், இரண்டு வில்லாளிகள், மீதி மூன்று இடத்துக்கும் திருடர்களும் அடியாட்களும். 400 காசும் சரியாகச் செலவாகிவிடும், ஆட்களும் பத்து ஆகிவிடும்.

மந்திரத்தில் பத்து மரபுகள் உண்டு. எட்டு மந்திரங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் மூன்று சொந்த மரபிலிருந்து. முதல் மந்திரவாதிக்கு எலிமென்டலிஸ்ட், அதாவது பஞ்சபூதங்களை ஆள்கிறவன், நல்ல தேர்வு. அவனுடைய ‘எலிமென்டல் போல்ட்’ நெருப்பையோ மின்னலையோ நேராக எதிரி மேல் வீசும் மந்திரம். விளக்கமே தேவையில்லை, புது ஆளுக்கும் உடனே புரியும்.

உருவங்கள்

நார்த் ஸ்டார் விற்கும் ஃப்ராஸ்ட்கிரேவ் சிப்பாய்கள் பிளாஸ்டிக் பெட்டியில் 20 உருவங்கள் வரும். கை, தலை, ஆயுதம் எல்லாம் தனித்தனி. வேண்டியபடி மாற்றிப் பொருத்தலாம். இருவர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினால் இரண்டு படைக்கான 16 சிப்பாய்களும் வந்து, நாலு மிச்சமும் இருக்கும். மந்திரவாதிக்கும் சீடனுக்கும் மட்டும் பிடித்த உருவமாகத் தேடி எடுங்கள். அமெரிக்காவின் ரீப்பர் நிறுவனத்திலும் நல்ல மந்திரவாதிகள் கிடைப்பார்கள்.

முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் உருவங்களும் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். ரெசினை உப்புத்தாளில் தேய்ப்பதாக இருந்தால் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பழைய உலோக உருவங்களைத் தொட்டால் சாப்பிடுவதற்கு முன் கையைக் கழுவுங்கள், அவற்றில் ஈயம் இருக்கலாம்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

பிளாஸ்டிக் உருவங்கள் ஒரு சட்டத்தோடு ஒட்டியபடி வரும். கையால் முறுக்கிப் பிய்க்காதீர்கள், தோளோடு சேர்ந்து பிய்ந்துவிடும். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சிறிய நிப்பர் போதும். தட்டையான பக்கம் உருவத்தை ஒட்டியிருக்கும்படி வைத்து வெட்டுங்கள்.

அடுத்து, அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் உருவத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். வண்ணம் அடிப்பதற்கு முன் அது கண்ணுக்கே தெரியாது. அடித்த பிறகு அது மட்டும்தான் தெரியும். கட்டர் பிளேடின் முதுகை, கூர்மையான பக்கத்தை அல்ல, அந்தக் கோட்டின் மேல் வைத்து மெதுவாகச் சுரண்டுங்கள். ஓர் உருவத்துக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். இந்த ஐந்து நிமிடத்தை எப்போதும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் சிமென்ட்தான் சரி. அது இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும், ஒட்டிய இடமே தெரியாது. ரெசினுக்கும் உலோகத்துக்கும் அது வேலை செய்யாது. அங்கே ஃபெவிக்விக் மாதிரியான சூப்பர் க்ளூ. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

பிரைமர்

வண்ணம் வெறும் பிளாஸ்டிக்கில் நிற்காது, விரல் பட்டால் உரியும். அதற்கு அடியில் ஒரு பிரைமர் பூச்சு வேண்டும். ஸ்ப்ரே டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், சுமார் 25 சென்டிமீட்டரில் பிடித்து, நிறுத்தாமல் வீசி வீசி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் முகம் மொழுக்கென்று ஆகிவிடும்.

காற்றில் ஈரம் இருக்கும் நாளில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. ஒரு கார்த்திகை மாத மழை விட்ட நேரத்தில் மொட்டைமாடியில் அடித்தேன். காய்ந்து பார்த்தால் ஐந்து உருவங்களும் மாவில் புரட்டியது போல் சொரசொரப்பாகிவிட்டன. அவற்றைச் சுரண்டி எடுக்க ஒரு வாரம் ஆனது. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருக்கிறவர்கள் தூரிகையால் பூசும் பிரைமரை வாங்கிக்கொள்வது நிம்மதி. ஸ்ப்ரேதான் என்றால் வெயில் ஏறிய காலை நேரத்தில் அடியுங்கள்.

நிறம்? முதல் படைக்குச் சாம்பல். கறுப்பில் தொடங்கினால் மஞ்சளும் சிவப்பும் ஏறவே ஏறாது.

வண்ணம் தீட்டுதல்

இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். எனக்கு ஓவியம் வராது என்று சொல்லிவிட்டு வந்தவர்களும் பத்தாவது உருவத்தில் நல்ல வேலை செய்கிறார்கள். இதற்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. வடிவம் ஏற்கெனவே செதுக்கியிருக்கிறது, அதற்குள் நிறத்தை விடுகிறீர்கள்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மினியேச்சர் வண்ணங்களையே வாங்குங்கள். ஸ்பெயினின் வயேகோ, கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டடெல், ஆர்மி பெயின்டர் மூன்றும் பரவலாகக் கிடைப்பவை. கைவினைக் கடையில் கிடைக்கும் மலிவான அக்ரிலிக்கில் நிறத்துகள் பெரிது, முகத்தின் நுணுக்கத்தை மூடிவிடும். நாற்பது புட்டி கொண்ட செட் எதற்கும் வேண்டாம். கறுப்பு, வெள்ளை, ஒரு பழுப்பு, தோல் நிறம், வெள்ளி, உங்கள் படைக்கென்று ஒரு தனி நிறம், கடைசியாக ஒரு பழுப்பு வாஷ், அதாவது பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம். ஏழு புட்டி. தூரிகை இரண்டு: 2-ஆம் எண் ஒன்று, 1-ஆம் எண் ஒன்று. முனை கூராக இருப்பதுதான் முக்கியம், சின்னதாக இருப்பது அல்ல. மிகச் சின்னத் தூரிகையில் வண்ணம் நுனியிலேயே காய்ந்துவிடும்.

ஈரத் தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். டிபன் டப்பாவின் மூடியில் டிஷ்யூ பேப்பரை நனைத்து விரித்து, அதன்மேல் கேக் செய்யப் பயன்படுத்தும் பேக்கிங் பேப்பரை விரித்தால் தட்டு தயார். அதில் வைக்கும் வண்ணம் மணிக்கணக்கில் காயாது.

சரி, ஒரு காலாட்படை வீரனை எடுத்துக்கொள்வோம். பழைய மருந்துப் புட்டியின் மூடிமேல் இருபக்க டேப்பால் அவனை ஒட்டுங்கள். கையில் பிடிக்க வாகாக இருக்கும், உருவத்தைத் தொட வேண்டியிருக்காது. வண்ணத்தோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலங்கிக்குப் படையின் நிறம். முதல் பூச்சில் அடியில் இருக்கும் சாம்பல் திட்டுத் திட்டாகத் தெரியும். பதறி மேலும் மேலும் அப்பாதீர்கள். காயவிட்டு இரண்டாம் பூச்சு. அதில் மூடிக்கொள்ளும். கெட்டியாக ஒருமுறை அடிப்பதைவிட நீர்க்க இருமுறை அடிப்பது எப்போதும் அழகாக வரும். உள்ளே இருப்பதை முதலில், வெளியே இருப்பதைப் பிறகு: முகம், உடை, தோல்வார், கடைசியில் வாள். தூரிகையை முடி தொடங்கும் உலோகக் குழல்வரை வண்ணத்தில் முக்காதீர்கள்; உள்ளே போய்க் காய்ந்தால் முனை விரிந்துவிடும்.

எல்லா நிறமும் வைத்து முடித்ததும் உருவம் சப்பென்று, கூட்டல் கழித்தல் இல்லாமல் இருக்கும். அப்போது பழுப்பு வாஷை எடுங்கள். இது தண்ணீர் போன்ற கறை. உருவம் முழுக்கத் தடவினால் பள்ளங்களில் இறங்கித் தேங்கும், மேடுகளில் விலகிக்கொள்ளும். அங்கியின் மடிப்பில் நிழல் விழும், விரல்கள் தனித்தனியாகப் பிரியும், கண்குழி ஆழமாகும். இரண்டே நிமிடத்தில், உங்கள் கண்முன்னாலேயே, பொம்மை ஆளாக மாறுவதைப் பார்ப்பீர்கள். எத்தனை வருடம் ஆனாலும் இந்தக் கணம் எனக்குச் சலித்ததில்லை. எங்காவது குட்டையாகத் தேங்கினால் உலர்ந்த தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடுங்கள். அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

காய்ந்த பிறகு டிரைபிரஷ். பழைய தூரிகையில் வெளிர் நிறத்தை எடுத்து, துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, உருவத்தின் மேல் லேசாக வீசினால் மேடுகளில் மட்டும் வெளிச்சம் ஒட்டும். சங்கிலிக் கவசத்துக்கும் ரோமத்துக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. நிறம் வைத்தல், வாஷ், டிரைபிரஷ். முதல் பத்து உருவங்களுக்கு இந்த மூன்றே போதும். கண்விழி வரைய முயல வேண்டாம். வாஷ் போட்ட நிழலே ஓரடி தூரத்திலிருந்து கண்ணாகத் தெரியும்.

ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதைவிட, மூன்று மூன்றாக எடுத்து ஒரே நிறத்தை மூன்றுக்கும் வைப்பது வேகம். மந்திரவாதியைக் கடைசியில் செய்யுங்கள், கை பழகியிருக்கும்.

வட்ட அடித்தட்டை மறக்காதீர்கள். ஃபெவிகால் தடவி, டீ வடிகட்டியில் சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் பழுப்படித்து, வெளிர் நிறத்தில் டிரைபிரஷ். பனி வேண்டுமென்றால் ஃபெவிகாலோடு சமையல் சோடாவைக் குழைத்து வைக்கலாம். சோடா மட்டுமென்றால் நாளாக ஆக மஞ்சளாகும், அதனால் கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக்கும் சேருங்கள். எல்லாம் முடிந்ததும் மேட், அதாவது பளபளப்பில்லாத, வார்னிஷ். கைபட்டு வண்ணம் தேயாமல் காக்கும்.

மேசை

ஃப்ராஸ்ட்கிரேவுக்கு மூன்றடிக்கு மூன்றடி இடம். சாப்பாட்டு மேசை போதும், தரையும் போதும். ஆனால் வெட்டவெளியாக இருக்கக் கூடாது. இடிந்த சுவர், குட்டிச்சுவர், தூண், மாடி என்று நெருக்கமாக நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வில்லாளிகள் முதல் இரண்டு சுற்றிலேயே ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். அம்பு 24 அங்குலம் பாயும்.

அட்டைப்பெட்டியை வெட்டிச் சுவராக்கலாம். தெர்மாகோலும் ஆகும், ஆனால் ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். முதலில் ஃபெவிகாலோடு கறுப்பு வண்ணத்தைக் கலந்து தூரிகையால் பூசிக் காயவிட்டு, பிறகு சாம்பலில் டிரைபிரஷ் செய்யுங்கள். முதல் ஆட்டத்துக்குப் புத்தகங்களை அடுக்கினாலும் போதும்.

முதல் ஆட்டம்

மூன்று பொருள் வேண்டும்: ஆளுக்கு ஓர் இருபதுபக்கப் பகடை, அங்குலம் போட்ட அளவு நாடா, பென்சில். மேசையில் ஐந்து புதையல் குறிகள்: ஒன்று நடுவில், மற்றவற்றை ஆளுக்கு இரண்டாக வையுங்கள். எடுத்துக்கொண்டு மேசையின் ஓரத்தைத் தாண்டிவிட்டால் உங்களுடையது. புதையல் தூக்குகிறவனின் நடை பாதியாகிவிடும்.

ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டி யார் முந்துவது என்று பாருங்கள். முதலில் மந்திரவாதிகள், பிறகு சீடர்கள், பிறகு சிப்பாய்கள், கடைசியில் எந்தப் படையிலும் சேராமல் மேசையில் திரியும் மிருகங்கள். மந்திரவாதி தன்னிடமிருந்து மூன்று அங்குலத்துக்குள் நிற்கும் மூன்று சிப்பாய்களைத் தன்னோடு நகர்த்தலாம். புதுசாக ஆடுகிறவர்கள் இதை மறந்து, படையைச் சிதறவிட்டுத் தோற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு செயல், அதில் ஒன்று நடை.

சண்டைக் கணக்கு இப்படி. உங்கள் காலாள் எதிரியின் அடியாளைத் தாக்குகிறான். காலாளின் சண்டைத்திறன் 3, அடியாளுக்கு 2. நீங்கள் 14 உருட்டினால் மொத்தம் 17. எதிராளி 9 உருட்டினால் 11. வென்றது நீங்கள். உங்கள் 17-லிருந்து அடியாளின் கவசம் 10-ஐக் கழித்தால் 7, காலாளின் இருகை ஆயுதத்துக்கு 2 கூட்டினால் 9. அவனுடைய பத்து உயிர்ப்புள்ளியில் மிஞ்சுவது ஒன்று. தாக்கியவர் நீங்களே ஆனாலும், எதிராளியின் மொத்தம் அதிகமாக இருந்தால் அடி உங்கள் ஆளுக்குத்தான் விழும். வலுவில்லாதவனைச் சண்டைக்கு அனுப்புமுன் இதை நினைவில் வையுங்கள்.

மந்திரத்துக்கும் அதே பகடை. எலிமென்டல் போல்ட் வீச உங்கள் எலிமென்டலிஸ்ட் 12 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். 10 விழுந்தால்? தன் உயிர்ப்புள்ளியில் இரண்டைக் கொடுத்துப் பன்னிரண்டாக ஏற்றிக்கொள்ளலாம். கொடுக்கவா, விடவா என்று தயங்கும் அந்தச் சில விநாடியில் எதிரே இருப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

முதல் முறை மிருகங்களை விட்டுவிடுங்கள். விதியில் சந்தேகம் வந்தால் பகடை உருட்டி முடிவு செய்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள், புத்தகத்தை ஆட்டம் முடிந்த பிறகு புரட்டிப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முடிந்ததும் எடுத்து வைத்துவிடாதீர்கள், ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வீழ்ந்த ஒவ்வொரு சிப்பாய்க்கும் இருபதுபக்கப் பகடை உருட்ட வேண்டும். 1 முதல் 4 விழுந்தால் அவன் இறந்துவிட்டான். 5 முதல் 8 என்றால் பலத்த காயம், அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டான். 9 அல்லது அதற்கு மேல் என்றால் பிழைத்துக்கொண்டான். அதனால் சிப்பாய்களுக்குப் பெயர் வையுங்கள். என் முதல் படையில் மருது என்றொரு வில்லாளி இருந்தான். மேலங்கி கருநீலம், வாஷ் கொஞ்சம் அதிகமாகத் தேங்கி இடது கன்னம் கறுத்திருக்கும். மூன்றாவது ஆட்டத்தில் விழுந்தான், 2 உருட்டினேன். எதிரே ஆடிக்கொண்டிருந்த தம்பி, பகடையை என் கையில் திரும்ப வைத்து, “இன்னொரு தடவை உருட்டுண்ணா, நான் பார்க்கல” என்றான். உருட்டவில்லை. மருதுவின் பெயரைப் படைத்தாளில் அடித்துவிட்டு, அன்று கொண்டுவந்த புதையல் காசில் 75 கொடுத்துப் புது வில்லாளி ஒருவனை எடுத்தேன். பெட்டியில் மிச்சமிருந்த நால்வரில் ஒருவனை அன்று இரவே சட்டத்திலிருந்து வெட்டி எடுத்தேன்.